பட்டிழை, ஜரிகை, காட்டுக்கோழி இறகு: பொய்யிரைக் கைவினையின் பொருள் வரலாறு – ஆரணியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தூண்டிலில் மீனைக் கவரும் போலி இரையை வீட்டிலேயே செய்துகொள்ளும் பொழுதுபோக்கு, மேலை நாடுகளில் தோன்றிப் பின்னர் இந்தியாவுக்கு வந்தது என்றே பொதுவாக எழுதப்பட்டு வருகிறது. செய்தவர்களின் பெயர்களையும் வடிவங்களையும் மட்டும் பின்பற்றினால் இம்முடிவே கிடைக்கும். செய்பொருள்களைப் பின்பற்றினால் வேறொரு வரலாறு புலப்படும். பட்டிழை, உலோகப் பட்டை சுற்றிய இழை, சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் கழுத்திறகு ஆகிய மூன்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பொய்யிரைக் கைவினைக்கு இன்றியமையாதவை. இவற்றுள் முதலிரண்டும் ஆரணி போன்ற பட்டு நெசவூர்களின் அன்றாடப் பொருள்கள். மூன்றாவது தென்னிந்தியக் காடுகளுக்கு உரியது. சங்க இலக்கியத் தூண்டிற் காட்சி, ஏரி மீன் உரிமை, சென்னை மாகாண அலுவலர்களின் மீன்பிடி நூல்கள், நெசவின் கைத்திறன் ஆகியவற்றை இணைத்து இக்கட்டுரை அவ்வரலாற்றை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தூண்டில், பொய்யிரை, ஆரணி, பட்டு, ஜரிகை, காட்டுக்கோழி, மீன்பாசி, சென்னை மாகாணம்.

முன்னுரை

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஊர் ஆரணி. பதினேழாம் நூற்றாண்டு முதல் மராத்திய வழியினரின் ஜாகீராக விளங்கிய இவ்வூர், 1751இல் கிளைவ் நடத்திய போராலும் 1782இல் ஐதர் அலிக்கும் அயர் கூட்டுக்கும் இடையே நிகழ்ந்த போராலும் அரசியல் வரலாற்றில் இடம்பெற்றது. பொருளியல் வரலாற்றில் அதன் அடையாளம் பட்டு நெசவு. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்ற தமிழகக் கைத்தறிப் பொருள்களுள் ஒன்று.

ஆரணியைச் சூழ்ந்த பழைய வடஆர்க்காட்டு நிலம் ஏரிப்பாசன நிலம். பாலாறும் செய்யாறும் ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடப்பதால் மழைநீரைத் தேக்கும் ஏரிகளே இங்கு வேளாண்மைக்கு அடிப்படை. நீர் உள்ள திங்கள்களில் அவை மீன்வளத்திற்கும் இடமாகின்றன. ஆகவே தறியும் ஏரியும் இவ்வூரின் இரு முகங்கள் எனலாம். இவ்விரண்டையும் ஒரே ஆய்வுப் பரப்பில் வைத்து நோக்கும் முயற்சிகள் அரியன. நெசவு கைவினை வரலாற்றிலும், மீன்பிடிப்பு நீர்நிலை வரலாற்றிலும் தனித்தனியே பேசப்படுகின்றன. இரண்டும் சந்திக்கும் சிறிய பொருளொன்றை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அது தூண்டில் முள்ளின் மேல் இழையும் இறகும் உலோகமும் கொண்டு செய்யப்படும் போலி இரை.

இன்றைய தூண்டில் ஆர்வலர்கள் இதனை 'லூர்' என்றே வழங்குகின்றனர். இக்கட்டுரையில் 'பொய்யிரை' என்னும் சொல் கையாளப்படுகிறது. புழு, தவளை, சிறுமீன், மாவுருண்டை முதலிய உண்ணத்தக்க இரைகள் இதில் அடங்கா. உண்ணத்தகாத பொருளைக் கொண்டு உயிரினத்தின் உருவையோ அசைவையோ ஒளியையோ போலச் செய்வதே பொய்யிரை.

1. மறைத்தலும் போலச் செய்தலும்

தமிழில் தூண்டில் பற்றிய மிக நுட்பமான பழஞ்சித்திரங்களுள் ஒன்று பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இந்நூலின் பாட்டுடைத் தலைவன் கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். காஞ்சிபுரம் ஆரணியிலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் உள்ளது. எனவே அப்பாடல் காட்டும் நீர்நிலைக் காட்சியைத் தொண்டை மண்டலத்து மீன்பிடி மரபுக்கான பழஞ்சான்றாகக் கொள்வதில் தவறில்லை.

அக்காட்சியில் மீன் பிடிக்க வல்ல பாண்மகன் பச்சை ஊன் இட்ட தோற்பையைத் தோளில் கட்டியிருக்கிறான். நெடிய மூங்கிற்கோலின் நுனியில் நாண் பூட்டப்பட்டுள்ளது. நாணின் முனையில் வளைந்த வாயுடைய இரும்பு. வாளை மீன் இரையை மட்டும் கவ்விக்கொண்டு இரும்பைத் தனியே விட்டுத் தப்புகிறது. அதன்பின் நீரருகே நிற்கும் பிரம்பின் ஆடும் நிழலைக் கண்டாலும் அது அஞ்சுகிறது.

இப்பகுதி உரையாசிரியர்களால் நாட்டு வளத்தின் வருணனையாக விளக்கப்படுவதே வழக்கம். கருவி வரலாற்று நோக்கில் இதில் இரு செய்திகள் உள்ளன. முதலாவது, கோல், நாண், முள், இரை, இரைப்பை என்னும் ஐந்து உறுப்புகளும் கொண்ட முழுமையான தூண்டில் தொகுதி அக்காலத்திலேயே வழக்கில் இருந்தது. இரண்டாவது, மீனின் நடத்தையை அப்புலவர் கூர்ந்து கண்டிருக்கிறார். ஒருமுறை தூண்டிலில் சிக்கித் தப்பிய மீன், கோலை ஒத்த எதன் நிழலையும் கோலென்றே கொள்கிறது. கண்ணால் காணும் அசைவுக்கு மீன் எதிர்வினை புரிகிறது என்னும் இவ்வறிவே பொய்யிரைக் கலையின் அடித்தளம். நிழலசைவு மீனை விரட்டுமெனில், தக்க அசைவு மீனை ஈர்க்கவும் கூடும்.

திருக்குறளின் சூது அதிகாரம், சூதில் பெறும் வெற்றியைத் தூண்டிலின் 'பொன்'னை மீன் விழுங்குவதற்கு ஒப்பிடுகிறது. பரிமேலழகர் இதனை இரையால் மறைக்கப்பட்ட இரும்பு எனக் கொண்டு, மீன் அதனை இரையென்று கருதி விழுங்குவதாக உரைக்கிறார். 'பொன்' என்பது உலோகத்தின் பொதுப்பெயராகப் பண்டு வழங்கியதால் இவ்வுரை பொருந்துவதே. மின்னும் உலோகமே இரையாகச் செயற்பட்டது என்று இக்குறளைப் படித்து, பொய்யிரைக்குப் பழஞ்சான்று காட்ட முனைவது எளிது. ஆயினும் பெரும்பாணாற்றுப்படை ஊன் இரையையே தெளிவாகக் குறிப்பதாலும், உவமையின் ஆற்றல் மறைந்திருக்கும் முள்ளில் தங்கியிருப்பதாலும் அம்முடிவு ஏற்கத்தக்கதன்று.

ஆகவே ஒரு வேறுபாட்டை வரையறுத்தல் வேண்டும். பழந்தமிழ்த் தூண்டிலில் வஞ்சனை என்பது முள்ளை மறைத்தல், இரை உண்மையானது. பொய்யிரையில் முள் வெளிப்படையாகவே இருக்கலாம், இரைதான் பொய்யானது. முன்னது மறைத்தற்கலை, பின்னது போலச் செய்தற்கலை.

போலச் செய்து ஈர்க்கும் முறை தமிழகக் கடற்கரையில் வேறு வடிவில் இருந்தது. சோழமண்டலக் கரையில் பறவைக்கோலா மீன் பிடிப்போர் இலைக்கொத்துகளை நீரில் மிதக்கவிட்டனர். முட்டையிட மிதவைப் பற்று தேடும் மீன் அவற்றை நாடி வரும். சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இம்முறையைப் பதிவு செய்துள்ளார். இங்கே முள்ளே இல்லை. மீனின் தேவையை அறிந்து அதற்கான போலியை அமைப்பது மட்டுமே உள்ளது. மினிக்காய்த் தீவின் சூரை மீன்பிடிப்பிலும் இத்தகைய அறிவைக் காணலாம். உயிருள்ள சிறுமீன்களை நீரில் வீசிச் சூரைக் கூட்டத்தைத் திரட்டியபின், இரை கோக்காத, பின்முள் இல்லாத, வெள்ளிபோல் மின்னும் தூண்டிலால் மீன்கள் அடுத்தடுத்து இழுக்கப்படுகின்றன. பொய்யிரை என்னும் கருத்து இந்தியக் கடல்சார் மக்களுக்குப் புதியதன்று என்பதற்கு இவை போதிய சான்றுகள்.

2. ஏரி, மீன்பாசி, பொழுதுபோக்கு

மீன்பிடித்தல் பொழுதுபோக்காவதற்குக் கருவியறிவு மட்டும் போதாது. ஓய்வும் நீருரிமையும் வேண்டும். கல்யாணிச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூலில் 'மத்சிய விநோதம்' என ஒரு பகுதி உண்டு. மீன் வகைகள், அவற்றிற்குரிய இரைகள், கோல், நாண் ஆகியவற்றை அது அரசனின் விளையாட்டாக விவரிக்கிறது. மீனியல் அறிஞர் சுந்தர்லால் ஹோரா 1951இல் இப்பகுதியை ஆராய்ந்து வெளியிட்டார். தென்னிந்தியாவில் தூண்டில் பொழுதுபோக்கு ஆங்கிலேயர் வருகையோடு தொடங்கிற்று என்னும் கருத்தை இந்நூல் ஒன்றே மறுக்கிறது. எனினும் அது அரசனின் விளையாட்டு. ஏரிக்கரைக் குடிகளின் விளையாட்டன்று.

தமிழக ஏரிகளில் மீன் என்பது வருவாய். இடைக்காலக் கல்வெட்டுகள் மீன்பாட்டம், பாசிப்பாட்டம் முதலிய வரிகளைக் குறிக்கின்றன. ஏரி மீன் வருவாயை அவ்வேரியைத் தூர்வாரிப் பேணும் செலவுக்கே ஒதுக்கிய ஏற்பாடுகளும் கல்வெட்டுகளால் அறியப்படுகின்றன. நீரைத் தேக்கிய ஊர் மீனைப் பெற்றது. மீன் தந்த பொருள் மீண்டும் நீரைத் தேக்க உதவியது. அம்மரபின் சொல்லெச்சம் 'மீன்பாசி குத்தகை' என்னும் தொடரில் இன்றும் வாழ்கிறது. இவ்வமைப்பில் தனியொருவர் தூண்டிலிடுவது குத்தகைக்காரரின் பொறுமைக்கு உட்பட்ட செயல். வீட்டில் இரை செய்யும் பொழுதுபோக்கு இச்சமூகத்தில் ஏன் நூல்வழிப் பதிவு பெறவில்லை என்பதற்கு இந்நீருரிமை அமைப்பும் ஒரு காரணமாகக் கருதத்தக்கது. பிடிப்பவருக்கு அது பிழைப்பு. பிழைப்பின் நுட்பங்கள் கையிலிருந்து கைக்குச் சென்றன, ஏட்டில் ஏறவில்லை.

3. சென்னை மாகாண அலுவலரும் அச்சேறிய அறிவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்நிலை மாறியது. சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 'தி ராட் இன் இந்தியா' என்னும் நூலை 1873இல் மங்களூரில் வெளியிட்டார். அது 1881, 1897 ஆகிய ஆண்டுகளில் மறுபதிப்புகள் கண்டது. ஏரி, குளங்களில் தூண்டிலிடுவது குறித்து 'டாங்க் ஆங்ளிங் இன் இந்தியா' என்னும் தனிநூலை 1887இல் வெளியிட்டார். அதே காலத்தில் சென்னைப் படையின் மருத்துவராக இருந்து மீனியலாளரான பிரான்சிஸ் டே, இந்தியாவிலும் பர்மாவிலும் உள்ள நன்னீர் மீன்வளம் குறித்த அறிக்கையை 1873இலும், 'தி ஃபிஷஸ் ஆஃப் இந்தியா' நூலை 1875 முதல் 1878 வரையிலும் வெளியிட்டார்.

இவ்விருவரின் பணி விளையாட்டோடு நிற்கவில்லை. சிறுகண் வலைகளாலும் நஞ்சிடுதலாலும் மீன்வளம் அழிவதை இருவரும் சுட்டினர். வெடியும் நஞ்சும் கொண்டு மீன் பிடிப்பதைத் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டம் 1897இல் வந்தது. அதற்கு முன்பே 1879இல் நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. நீலகிரி ஓடைகளில் ஐரோப்பிய டிரவுட் மீனைக் குடியேற்ற 1860களில் டே மேற்கொண்ட முயற்சி தோற்றது. 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தபின்னரே அது நிலைபெற்றது.

டிரவுட் மீனோடு அதற்குரிய பொய்யிரையான தூண்டில் ஈயும் நீலகிரிக்கு வந்தது. முள்ளின் காம்பில் பட்டிழை சுற்றி, உலோக இழையால் வரியிட்டு, இறகு கட்டிச் செய்யும் இவ்வீயை அலுவலர்கள் இங்கிலாந்திலிருந்து வரவழைத்துக்கொண்டனர். ஓய்வில் தாமே கட்டவும் செய்தனர். எனவே இக்கைவினை, வெளிநாட்டு மீனுக்காக வெளிநாட்டார் செய்த வெளிநாட்டுக் கலையாகத் தோற்றமளித்தது. அக்கலையின் மூலப்பொருள்களை ஆராய்ந்தால் இத்தோற்றம் நிலைப்பதில்லை.

4. மூன்று பொருள்கள்

முதலாவது பட்டு. ஐரோப்பியத் தூண்டிலில் குதிரைமயிர் நாணின் இடத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பின்னிய பட்டு நாண் பிடித்தது. ஆளிவிதை எண்ணெய் ஊட்டிய அந்நாண் நீரில் மிதந்தது. ஒவ்வொரு நாளும் பயன்படுத்தியபின் உலர்த்தாவிடில் இற்றுப்போயிற்று. நாணின் முனையில் கட்டிய 'பட்டுநரம்பு' இன்னும் வியப்பிற்குரியது. கூடு கட்டும் பருவத்துப் பட்டுப்புழுவைக் காடியில் ஊறவைத்து, அதன் பட்டுச் சுரப்பியை வெளியே எடுத்து நீட்டினால், நீரில் கண்ணுக்குப் புலனாகாத வலிய இழை கிடைக்கும். ஸ்பெயினின் மூர்சியா வட்டாரம் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. சீனத்திலும் காட்டுப் பட்டுப்புழுவிலிருந்து இத்தகைய நரம்பு எடுக்கப்பட்டது. இந்தியாவில் அஸ்ஸாமின் முகா பட்டிழையால் திரித்த தூண்டில் நாண்களை வங்காளக் குளத்து மீன்பிடிப்போர் விரும்பினர்.

1930களின் இறுதியில் நைலான் வந்ததும் பட்டுநரம்பு வழக்கொழிந்தது. ஆயினும் சொல்வழக்கில் அதன் தடம் எஞ்சியிருக்கக்கூடும். தமிழகக் கடற்கரையிலும் இலங்கையிலும் நைலான் நாண் 'தங்கூசி' எனப்படுகிறது. மலாயில் தூண்டில் நாணைக் குறிக்கும் 'தங்சி', சப்பானியத்தில் பட்டுநரம்பைக் குறிக்கும் 'தெகுசு' ஆகியவற்றோடு இச்சொல்லுக்குள்ள ஒலியொப்புமை தற்செயலானதா என்பது மொழியியல் நோக்கில் ஆராயத்தக்கது. தொடர்பு நிறுவப்படுமாயின், செயற்கை இழை தமிழில் பட்டின் பெயராலேயே வழங்குகிறது என்றாகும்.

இரண்டாவது ஜரிகை. வெள்ளிக் கம்பியை நுண்ணிதாக இழுத்து, தட்டிப் பட்டையாக்கி, சாயமேற்றிய பட்டிழையின் மேல் நெருக்கமாகச் சுற்றி, பொன்முலாம் பூசுவது அசல் ஜரிகையின் செய்முறை. தூண்டில் ஈயின் உடலில் வரியாகச் சுற்றப்படும் உலோக இழையும் இதே கட்டமைப்புடையது. இழையின்மேல் சுற்றாத வெறும் பட்டையும் ஈயின் உடலுக்குப் பயன்பட்டது. உலோக இழைத் தொழிலில் புகழ்பெற்ற பிரான்சின் லியோன் நகரம் ஒருகாலத்தில் இந்தியத் தறிகளுக்கும் ஜரிகை அனுப்பியது. பின்னர் சூரத் அவ்விடத்தைப் பெற்றது. காஞ்சிபுரத்தில் தமிழக அரசின் ஜரிகை நிறுவனம் 1971இல் அமைந்தது. புடவையின் பேட்டில் ஒளிரும் இழையும் நீரடியில் சிறுமீனின் செதிளாக ஒளிரும் இழையும் தொழில்நுட்ப வகையில் ஒன்றே. இரண்டிலும் வேண்டப்படுவது ஒளியைத் திருப்பியனுப்பும் மெல்லிய பரப்பும், வளைத்தால் முறியாத மென்மையும் ஆகும்.

மூன்றாவது காட்டுக்கோழி இறகு. சாம்பல் நிறக் காட்டுக்கோழி இந்தியத் தீபகற்பத்திற்கே உரிய பறவை. இதனைப் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா 1782இல் வெளியிட்ட தம் பயண நூலில் விவரித்தார். 1813இல் தெம்மிங்க் அவர் பெயராலேயே இதற்கு அறிவியற்பெயர் சூட்டினார். சேவலின் கழுத்திறகில் மெழுகு படிந்ததுபோல் மின்னும் மஞ்சள் வெண் புள்ளிகள் உள்ளன. அவை சிறுமீனின் கண்போல் தோன்றுவதால், சால்மன் மீனுக்கான தூண்டில் ஈக்களில் அவ்விறகு பெரிதும் விரும்பப்பட்டது. ஜார்ஜ் கெல்சன் 1895இல் வெளியிட்ட 'தி சால்மன் ஃப்ளை' முதலிய நூல்களின் செய்முறைப் பட்டியல்களில் அது மீண்டும் மீண்டும் இடம்பெறுகிறது. இறகு வணிகத்தின் அழிவைக் கண்டு, காட்டுப்பறவைகளின் தோலையும் இறகையும் ஏற்றுமதி செய்வதை இந்திய அரசு 1902இல் தடை செய்தது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவைக்குக் காப்பளிக்கிறது. இன்று ஐரோப்பியக் கைவினைஞர்கள் வளர்ப்புப் பறவைகளின் இறகையே பயன்படுத்துகின்றனர்.

இம்மூன்றையும் ஒரே தரத்தில் வைத்தல் கூடாது. பட்டு பல நாடுகளுக்குப் பொதுவான இழை. ஜரிகை கண்டங்களிடையே பகிரப்பட்ட தொழில்நுட்பம். காட்டுக்கோழி இறகு மட்டுமே இந்நிலத்திலிருந்தன்றி வேறெங்கிருந்தும் இயற்கையில் கிடைக்காதது. எனினும் மூன்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஈயைக் கட்டியவரின் பெயரால், சிலபோது அவர் படைப்பதவியின் பெயரால், அவ்வீ வழங்கப்பட்டது. பறவையைப் பிடித்தவர், இழையை நூற்றவர், கம்பியை இழுத்தவர் எவரும் பெயர் பெறவில்லை.

5. வீட்டுப் பட்டறை

பொய்யிரையின் நவீன வரலாற்றில் வீட்டுப் பொருள்களின் பங்கு பெரிது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து ஜூலியோ பியூல் 1852இல் கரண்டி வடிவ இரைக்குக் காப்புரிமை பெற்றார். ஏரியில் தவறி விழுந்த உணவுக்கரண்டியை மீன் கவ்வியதைக் கண்டதே அதற்குத் தூண்டுதல் என்பது வழிவழிக் கதை. மிச்சிகனின் ஜேம்ஸ் ஹெடன் மரத்தைச் செதுக்கித் தவளை செய்தார். பின்லாந்தின் லௌரி ரபாலா 1936இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் உறையின் தாளால் போர்த்தி, புகைப்படச் சுருளை உருக்கிப் பூசினார். கூட்டத்தில் பிறழ்ந்து நீந்தும் அடிபட்ட சிறுமீனையே பெரிய மீன் தாக்குகிறது என அவர் கண்டிருந்தார். அப்பிறழ்ந்த அசைவே அவர் போலச் செய்தது. பெரும்பாணாற்றுப்படைப் புலவரின் நோக்கும் இவருடைய நோக்கும் ஒரே வகையின. இருவரும் மீனின் கண்வழி நின்று நீரைப் பார்த்தனர்.

செய்முறையின் இயற்பியல் எளியது. கரண்டியின் காம்பை வெட்டி, குழிந்த பகுதியின் இரு முனைகளிலும் துளையிட்டு, ஒன்றில் நாணும் மற்றொன்றில் மும்முனை முள்ளும் வளையத்தால் இணைக்கப்படும். இழுக்கும்போது குழிவின் மேல் மோதும் நீர் அதனைப் பக்கவாட்டில் தள்ளும். எடை அதனை மீளக் கொணரும். இவ்வாறு அது தள்ளாடும். மரமீனின் வாயின்கீழ்ச் சாய்வாகப் பொருத்திய தகடு நீரை எதிர்த்து அதனை மூழ்கச் செய்யும். தகட்டின் சாய்வே ஆழத்தை முடிவு செய்யும். இழையாற் செய்த இரையில் இவ்வேலையை இழைகளின் நெளிவே செய்கிறது. நனைந்த பட்டிழை நீரோட்டத்தில் விரிந்து சுருங்குவது உயிரின் அசைவை ஒத்தது.

தமிழகத்தில் இதற்கேற்ற மரபுப் பொருள்கள் பல. நெட்டியின் வெண்ணிறத் தண்டு எடையற்றது, மிதப்பது, வலை மிதவைக்குப் பயன்பட்டது, தஞ்சையில் கலைப்பொருளாகிறது. கல்யாண முருங்கையின் மரம் மென்மையானது, செதுக்க எளியது. மயிலிறகின் நடுத்தண்டு தூண்டில் தக்கையாக வழங்கியது. விரால் மீனுக்கு உயிர்த்தவளையை முள்ளில் கோத்துப் பிடிப்பது ஊர்ப்புற வழக்கம். இன்றைய ஆர்வலர்கள் அதற்கு மாற்றாக ரப்பர்த் தவளையைப் பாசிமேல் இழுத்து விராலை எழுப்புகின்றனர். உயிரிரை பொய்யிரையாக மாறும் படிநிலை இங்கே ஒரே மீனின் வரலாற்றில் தெளிவாகக் காணக்கிடைக்கிறது.

6. தறியின் கைத்திறன்

ஆரணியின் நெசவில் மூன்று செயல்கள் இவ்வாய்வுக்கு முதன்மையானவை. முதலாவது தார் சுற்றுதல். ஊடைக்குரிய இழையை ஒரே இழுவிசையில், மேலேறாமல் இடைவெளி விடாமல் சுற்ற வேண்டும். பெரும்பாலும் பெண்கள் செய்யும் பணி இது. இரண்டாவது பாவு பிணைத்தல். தீர்ந்த பாவின் ஆயிரக்கணக்கான இழைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக விரல்களால் முறுக்கி இணைப்பர். அவ்விணைப்பு விழுதினூடே தடையின்றிச் செல்லுமளவு மெல்லியதாக இருத்தல் வேண்டும். மூன்றாவது ஜரிகையைக் கையாளுதல். பட்டை திரும்பினால் ஒளி கெடும். மிகையாக இழுத்தால் பட்டையும் உள்ளிழையும் பிரியும்.

தூண்டில் ஈ கட்டுவோர் பழகும் திறன்களும் இவையே. முள்ளின் காம்பில் இழையை நெருக்கமான சுற்றுகளாகப் பதித்தல், உலோக இழையைத் திரும்பாமல் சம இடைவெளியில் வரியிடுதல், இறுதிச் சுற்றுகளின் கீழேயே இழைமுனையைச் செருகி முடிச்சின் புடைப்பின்றி முடித்தல் ஆகியவை அக்கலையின் அடிப்படைப் பயிற்சிகள். பயன்படும் இழையின் அளவும் ஒப்பிடத்தக்கதே. ஓர் ஈக்கு வேண்டுவது சாண் அளவு ஜரிகையும் சில முழம் பட்டிழையுமே. தறியில் கழிவாக ஒதுக்கப்படும் நுனி இழைகளே அதற்குப் போதும்.

கைத்திறன் ஒத்திருப்பது இரு தொழில்களும் ஒன்றாக இருந்தமைக்குச் சான்றாகாது. இவ்வொப்பீடு கோருவது வேறு. பட்டு நெசவாளரின் அறிவு 'புடவை' என்னும் முடிந்த பொருளாலேயே அளக்கப்படுகிறது. புடவையின் சந்தை சுருங்கினால் அவ்வறிவும் பயனற்றதாகக் கணக்கிடப்படுகிறது. ஆனால் இழுவிசையை விரலால் அளப்பது, முடிச்சின்றி இணைப்பது, ஒளியின் திசையறிந்து இழையிடுவது ஆகியவை புடவையைக் கடந்த பொது அறிவு. ஓர் இனத்துக் கைவினையின் கூறுகளை வேறோர் இனத்துக் கைவினையில் இனங்காண்பது அவ்வறிவை அதன் சந்தை விலையிலிருந்து பிரித்து மதிப்பிட உதவும். கைத்தறித் துறையில் இளையோர் வருகை குறைந்துவரும் காலத்தில் இம்மதிப்பீடு ஏட்டளவிலான கேள்வியன்று.

பொருளின் முடிவும் எண்ணத்தக்கது. பட்டிழை இற்றுப்போகும். அக்குறையே நைலானின் வெற்றிக்குக் காரணம். ஆனால் அறுந்து நீரடியில் தங்கும் நைலான் நாணும் ரப்பர்த் தவளையும் இற்றுப்போவதில்லை; ஈயக்குண்டு நஞ்சு. வேனிலில் வற்றி, கால்நடை மேயும் நிலமாகும் தொண்டை மண்டல ஏரியில் இது தனி இடர். பட்டின் பழைய குறை இங்கே நிறையாக மாறுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. பழந்தமிழ்த் தூண்டில் முள்ளை மறைக்கும் கலையாகவே இலக்கியத்தில் பதிவாகியுள்ளது; குறளின் 'பொன்' பொய்யிரைக்குச் சான்றாகாது. ஆயினும் மீனின் காட்சி உணர்வு குறித்த நுண்ணறிவு தொண்டை மண்டல இலக்கியத்தில் தெளிவாக உள்ளது. பொய்யிரைக் கருத்து கடற்கரை மரபுகளில் இலைக்கொத்தாகவும் மின்னும் முள்ளாகவும் வழங்கியது. உள்நாட்டு ஏரிகளில் மீன் வருவாயாகக் கருதப்பட்டமை, அங்கு இக்கலை பொழுதுபோக்காக எழுத்தில் பதிவுபெறாமைக்கு ஒரு காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சேறிய பொய்யிரைக் கலை, பட்டு, ஜரிகை, காட்டுக்கோழி இறகு ஆகியவற்றின் வழியே இந்நிலத்தோடு வெவ்வேறு அளவில் பிணைந்திருந்தது. அப்பிணைப்பில் பெயர் பெற்றோர் ஒரு சாரார். பொருள் தந்தோர் மற்றொரு சாரார்.

பொழுதுபோக்கின் வரலாறு பெரும்பாலும் ஓய்வு பெற்றிருந்தவர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. பொருளைப் பின்பற்றிச் செல்லும் ஆய்வு உழைத்தவர்களையும் அவ்வரலாற்றுக்குள் கொணர்கிறது. ஆரணித் தறியில் கழிவாக விழும் ஜரிகைத் துணுக்கு அத்தகைய ஆய்வின் தொடக்கப்புள்ளியாக அமையத் தக்கது. வடஆர்க்காட்டு ஏரிகளின் மீன்பாசிப் பதிவுகள், நெசவுக் குடும்பங்களின் வாய்மொழிச் செய்திகள், கடற்கரைத் தூண்டில் சொற்கள் ஆகியவை இத்திசையில் தொகுக்கப்படுமாயின், தமிழகத்தின் தறிக்கும் நீருக்கும் இடையிலான உறவு மேலும் துலங்கும்.